தேர்த்துகளும் மூணு பங்காளிகளும்

போன வாரம் அந்தப் பட்டியல் மறுபடியும் வந்து சேர்ந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். முன்னாடி மின்னஞ்சல்ல சுத்தினது, இப்போ வாட்ஸப்புல சுத்துது. முந்திரி, கீழ்முந்திரி, இம்மி, மும்மி, அணு, குணம்... இப்படிப் படிப்படியா இறங்கி, கடைசியில 'தேர்த்துகள்'னு ஒண்ணு. அதோட மதிப்பு 1/2323824530227200000000. கீழே கொட்டை எழுத்துல "நானோ டெக்னாலஜியை அன்றே அளந்தவன் தமிழன், பகிருங்கள்"னு இருக்கும். பெரும்பாலும் கணக்கதிகாரம் பேரையும் ஒரு ஓரமா சேர்த்திருப்பாங்க.

இதுவரைக்கும் எத்தனை தடவை பார்த்திருப்பேனோ, ஒரு தடவைகூட கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. அனுப்பினவங்களும் பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன் :-) இந்தத் தடவை ஞாயித்துக்கிழமை மத்தியானம், மின்சாரம் வேற இல்லை. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு உட்கார்ந்தேன். அதுல கிடைச்சதைத்தான் இங்கே எழுதறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எனக்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள உறவைச் சொல்லிடறேன். எங்க தாத்தா திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்துல கணக்குப்பிள்ளை. சர்க்கார் காகிதத்துல 'கர்ணம்'. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போற வழியில ரெண்டு பக்கமும் பாருங்க: கரிசல், கருவேலம், அங்கங்கே பனை, மழை பெஞ்சா மட்டும் தண்ணி பார்க்கிற கண்மாய். குண்டாறுன்னு பேரு இருக்கும், பாதி வருஷம் மணல்தான் இருக்கும். அந்தப் புஞ்சைக் காட்டை யாருக்கு எவ்வளவுன்னு பங்கு பிரிச்சு எழுதி வச்சதுதான் தாத்தாவோட வேலை.

திருச்சுழின்னதும் எல்லாருக்கும் ரமண மகரிஷி ஞாபகம் வருவார், அங்கே 1879-ல் பிறந்தவர். அவரோட அப்பா சுந்தரமய்யர் பின்னாடி வக்கீலா இருந்ததும் பலருக்குத் தெரியும். ஆனா அவர் வாழ்க்கையை ஆரம்பிச்சது பன்னிரண்டு வயசில், ஒரு கிராமக் கணக்கர்கிட்ட மாசம் 2 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தரா. அந்தக் காலத்துல கணக்கு எழுதத் தெரிஞ்ச பையனுக்கு இப்படி ஒரு வழி இருந்தது. அந்தப் பையன்கள் படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடத்துல. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று எல்லாம் மனப்பாடம். (இதைப் பத்தி விரிவா படிக்கணும்னா செந்தில் பாபு 2022-ல் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இருக்கு. திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பத்தி அவ்வளவு உழைச்சு எழுதினவங்க கம்மி.)

சரி, பட்டியலுக்கு வருவோம்.

ஏணியில் நாலு படி உடைஞ்சிருக்கு

மேல் படிகள் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஒண்ணில் பாதி அரை, அதில் பாதி கால், அப்புறம் அரைக்கால், அப்புறம் வீசம், அதாவது 1/16. இது ஒரு வரிசை, பாதி பாதியா வெட்டிக்கிட்டே போறது. இன்னொரு வரிசை இருபதில் ஆரம்பிக்குது: மா 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. (பாயசத்துல போடற முந்திரி இல்லை.) மாவும் காணியும் சேர்ந்தா 1/20 + 1/80 = 1/16. அதனாலதான் வீசத்துக்கு 'மாகாணி'ன்னும் ஒரு பேரு. ரெண்டு வரிசையும் அங்கே கை கோத்துக்குது.

320 ஏன்? வீசத்தில் கால், அதாவது கால்வீசம், 1/64. மா 1/20. இந்த ரெண்டும் மீதியில்லாம அடங்கற மிகச் சின்ன எண் 320. கால்வீசத்துக்கு 5 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி. யாரோ யோசிச்சுத்தான் பண்ணியிருக்காங்க.

முந்திரிக்குக் கீழே போகணும்னா ஒரு அழகான வழி வச்சிருந்தாங்க. 'கீழ்'னு ஒரு வார்த்தை போட்டா, அதுக்கப்புறம் வர்ற எல்லாத்தையும் 320-ஆல வகுத்துக்கணும். கீழ்முந்திரின்னா 1/320-ல் 1/320, அதாவது 1/102400. இன்னும் சின்னதா வேணுமா? இன்னொரு 'கீழ்' போடு. தசமப் புள்ளி மாதிரியே ஒரு ஏற்பாடு. ஒரே வித்தியாசம், பத்துக்குப் பதில் முந்நூத்தி இருபது.

பட்டியலில் அதுக்குக் கீழே வர்றதை ஒவ்வொண்ணா முந்தின எண்ணால வகுத்துப் பார்த்தேன்:

இம்மி 2150400 (21 மடங்கு)
மும்மி 23654400 (11 மடங்கு)
அணு 165580800 (7)
குணம் 1490227200 (9)
பந்தம் 7451136000 (5)
பாகம் 44706816000 (6)
விந்தம் 312947712000 (7)
நாகவிந்தம் 5320111104000 (17)
சிந்தை 74481555456000 (14)

இதுவரைக்கும் இம்மி பிசகலை. எல்லாம் முழு மடங்கு. அடுத்து கதிர்முனை. பட்டியலில் இருக்கிறது 489631109120000. சிந்தையால வகுத்தா ஆறரைக்கும் கொஞ்சம் மேலே, முடிவில்லாம ஓடுது. மூணு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான். தப்பு என்கிட்டன்னு நினைச்சு காபி குடிச்சிட்டு வந்தேன்.

அப்புறம்தான் பிடிபட்டது. சிந்தையை 20-ஆல பெருக்கினா 1489631109120000. பட்டியலில் இருக்கிற அதே எண், ஆனா முன்னாடி ஒரு 1. முதல் இலக்கம் விழுந்திருக்கு!

அடுத்ததையும் அதே மாதிரி பார்த்தேன். சரியான கதிர்முனையை 40-ஆல பெருக்கினா 59585244364800000. பட்டியலில் குரல்வளைப்படிக்கு 9585244364800000. முன்னாடி இருக்க வேண்டிய 5 காணோம். அதை 60-ஆல பெருக்கினா 3575114661888000000. பட்டியலில் வெள்ளத்துக்கு 575114661888000000. 3 காணோம். அதை 100-ஆல பெருக்கினா 357511466188800000000. நுண்மணலுக்குப் போட்டிருக்கிறது 57511466188800000000. அங்கேயும் 3 காணோம்.

நாலு படியிலும் தலை மட்டும் போயிருக்கு, உடம்பு பத்திரமா இருக்கு. யாரோ பிரதி எடுக்கும்போது விட்டது, அப்படியே லட்சம் பேர் கைக்கு மாறி வந்திருக்கு. அன்னைக்கு ஏட்டுப் பிரதி எழுதினவர் விட்டா ஒரு ஏட்டோட போயிருக்கும். இன்னைக்கு ஒரு அமுக்கல்ல ஊர் பூரா போகுது.

கடைசிப் படி தேர்த்துகள்: 2323824530227200000000. சரியான நுண்மணலால வகுத்தா, கச்சிதமா ஆறரை. 6½! மத்ததெல்லாம் முழு எண்ணா இருக்கும்போது இங்கே மட்டும் அரை. ஆனா மீதி ஒண்ணும் இல்லாம வர்றதால இந்த எண் சரியாத்தான் இருக்கு. நடுவுல இருக்கிற நாலும்தான் ஊனம். இந்த ஆறரையை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவேன்.

எண்ணைப் பிரிச்சுப் பார்த்தா

22 இலக்க எண். கோடியில சொன்னா சுமார் 2.3 கோடி கோடி கோடி. இவ்வளவு பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாப் பிரிக்கிறது பொதுவா கஷ்டம். ஆனா நமக்கு ஏணிப்படி தெரியும், ஒவ்வொரு படியையும் பிரிச்சு சேர்த்தா போதும். பேனாவாலேயே முடிஞ்சது:

2 – 22 தடவை
3 – 5 தடவை
5 – 8 தடவை
7 – 4 தடவை
11, 13, 17 – ஒவ்வொரு தடவை

அவ்வளவுதான். 2, 3, 5, 7, 11, 13, 17: முதல் ஏழு பகா எண்களும் வரிசையா, ஒண்ணுகூட விடாம இருக்கு. இதில் 13 எங்கிருந்து வந்ததுன்னு தேடினா, ஒரே இடம்தான்: அந்த ஆறரை. 6½-ன்னா 13-ல் பாதி. அந்த விசித்திரமான கடைசிப் படி இல்லைன்னா 13 இல்லாம ஓட்டை விழுந்திருக்கும். இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் சிலிர்த்தது, பொய் சொல்லலை.

இதனால ஒரு குணம் வருது. 1-லிருந்து 18 வரைக்கும் எந்த எண்ணால வகுத்தாலும் மீதி வராது. முதல்ல மீதி வர்றது 19-க்கு. இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்னு பார்த்தா 23×6×9×5×2×2×2 = 49680.

காரணி நிறைய உள்ள எண்கள்னதும் நம்ம ராமானுஜன் ஞாபகம் வந்துட்டார். 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்து இதழில் அவர் எழுதின நீளமான கட்டுரை இதைப் பத்தித்தான். தன்னைவிடச் சின்ன எந்த எண்ணைவிடவும் அதிகக் காரணிகள் உள்ள எண்களை வரிசையா எழுதிக்கிட்டே போய் 6746328388800-ல் நிறுத்தினார், அதுக்கு 10080 காரணிகள். அந்த மாதிரி எண்களுக்கு அவர் காட்டின ஒரு சட்டம்: பகா எண் பெரிசாகப் பெரிசாக, அது வர்ற தடவை கூடவே கூடாது. 3 எத்தனை தடவையோ, 5 அதுக்கு மேல வரக்கூடாது.

தேர்த்துகள் இதில் தோத்துப் போகுது. 3 அஞ்சு தடவை, 5 எட்டு தடவை. ரெண்டையும் இடம் மாத்தினா 501946098529075200000 கிடைக்கும். காரணி அதே 49680, ஆனா எண் கிட்டத்தட்ட அஞ்சில் ஒரு பங்குதான். ஆக இதைவிடச் சின்ன எண்ணே அதே வேலையைச் செய்யும். இருபது, நாப்பது, அறுபது, நூறுன்னு கை விரல் எண்ணிக்கையில படி கட்டினதால 5 மிஞ்சிப் போச்சு.

ஒரு ஆறுதல். ராமானுஜனோட பட்டியலிலேயே ஒரு எண் விட்டுப் போயிருக்கு: 293318625600. அவர் கடைசியா எழுதின எண்ணை 23-ஆல வகுத்தா இதுதான் வரும். பெரிய எண் பட்டியல்னா யார் எழுதினாலும் ஒரு தடவை சரிபார்க்கணும்கிறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

கல்லில் இருக்கிற எண்

இப்போ இன்னொரு பெரிய எண்ணைப் பக்கத்துல வைக்கிறேன். ராஜராஜன் (985–1014) கால நில அளவையோட நுட்பத்தைச் சொல்லும்போது வரலாற்று நூல்கள்ல தவறாம வர்ற ஒரு பின்னம்: ஒரு வேலியில் 1/52428800000. ஐயாயிரத்து இருநூத்தி நாப்பத்திரெண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சத்தில் ஒரு பங்கு. இதையும் பிரிச்சேன்.

2 – 24 தடவை. 5 – 5 தடவை. அவ்வளவுதான். 3 இல்லை, 7 இல்லை, 11 இல்லை.

320-ஐ நாலு தடவை பெருக்கி, அதை 5-ஆல பெருக்கினா இந்த எண். அதாவது நாலு 'கீழ்' போட்டு, அதுக்குக் கீழே நாலு மா (4/20, அதாவது 1/5). சுத்தமான முந்திரிக் கணக்கு. இம்மியும் அணுவும் நாகவிந்தமும் இதுக்குள்ள நுழையவே இல்லை.

இது எவ்வளவு இடம்னு பார்ப்போம். வேலி சுமார் ஆறரை ஏக்கர். அதில் இந்தப் பங்கு சுமார் அரை சதுர மில்லிமீட்டர், குண்டூசித் தலையைவிடச் சின்னது. எந்தக் கோலாலயும் கயித்தாலயும் இதை அளக்க முடியாது. யாரும் அளக்கவும் இல்லை. அளந்தது வேற இடத்துல. இது பெருக்கி வகுக்கும்போது வந்து விழுந்த மிச்சம். அதைத் தூக்கிப் போடாம கல்லில் வெட்டுற அளவுக்குக் கணக்கர்கள் கறாரா இருந்திருக்காங்க பாருங்க, பெருமைப்பட வேண்டியது அதுக்குத்தான்.

தேர்த்துகளையும் இதே மாதிரி அளந்து பார்த்தா, ஒரு மீட்டரில் அந்தப் பங்கு ஒரு புரோட்டானைவிடப் பல லட்சம் மடங்கு சின்னது. அளந்தாங்கன்னு சொல்றதுக்கு அங்கே ஒண்ணுமே இல்லை. தேர் கிளப்பற தூசுங்கிற பேரும் நமக்கு மட்டும் சொந்தமில்லை. அர்த்தசாஸ்திரத்திலும் தேர்ச்சக்கரத் தூசு ஒரு அளவு, எட்டுப் பரமாணு சேர்ந்தது. அங்கே மேலே ஏறினா ஒவ்வொரு படியும் எட்டு எட்டு, அஞ்சு படியில விரல்கடை வந்துடும். இப்படி ஏணி கட்டறது அந்தக் காலத்து அறிவாளிங்க எல்லாருக்கும் பிடிச்ச வேலை.

ஆக, பகா எண்களே சாட்சி சொல்லுது. நிலத்துக்கும் வரிக்கும் புழங்கின பின்னங்கள்ல 2-ம் 5-ம் மட்டும். 3, 7, 11, 13, 17 எல்லாம் கீழ்முந்திரிக்குக் கீழே, ஏணியில மட்டும். ஏணியோட பெரும்பகுதி வாயால சொல்றதுக்கு வச்சது, கையால எழுதறதுக்கு வச்சதில்லை.

இங்கேயே முடிச்சிருப்பேன். தாத்தா விடலை.

மூணு பங்காளிகள்

நான் சின்னப் பையனா இருந்தப்போ பார்த்தது. திண்ணையில மூணு அண்ணன் தம்பிங்க உட்கார்ந்திருக்காங்க. அப்பா போயிட்டார், 4 ஏக்கர் புஞ்சை, மூணு பங்கு. மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை. தாத்தா ஒண்ணும் எழுதலை, கண்ணை மூடிக்கிட்டு உதட்டை அசைச்சார்.

"மூத்தவனுக்கு நூத்தி ஏழு முந்திரி. நடுவுலவனுக்கு நூத்தி ஏழு. சின்னவனுக்கு நூத்தி ஆறு."

சின்னவர் சட்டுனு நிமிர்ந்து, "எனக்கு மட்டும் ஏங்கய்யா ஒண்ணு கம்மி?"ன்னார்.

"வடக்கு வரப்புல நிக்குதுல்ல பனை, அது உனக்கு. காய்க்கிற பனைப்பா."

சின்னவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, தலையாட்டினார். மூத்தவர்தான் பனையை நினைச்சு முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டார் :-)

இப்போ பேப்பரில் போட்டா புரியுது. 320 மூணால வகுபடாது: 106, மீதி 2. அந்த ரெண்டு முந்திரியைக் கீழ்முந்திரி ஆக்கினா 640, தலைக்கு 213, மீதி 1. இன்னொரு 'கீழ்' போட்டா 320, திரும்ப மீதி 2. எத்தனை 'கீழ்' போட்டாலும் தீராது. 2-லேயும் 5-லேயும் கட்டின கணக்குல மூணு பேருக்கு சமமாப் பிரிக்க வழியே கிடையாது. தசமத்துல 0.333...-ன்னு ஓடுதே, அதே வியாதி. நாலு ஏக்கரில் ஒரு முந்திரின்னா ஒண்ணேகால் சென்ட். அதுக்கு ஒரு பனைமரம். கணக்கு தீராத இடத்துல பனையை நட்டு மூடிட்டார் மனுஷன்.

இப்போ இம்மியைப் பாருங்க. கீழ்முந்திரிக்குக் கீழே முதல் படி, 21 மடங்கு. 21 = 3×7. மீதி நின்ன ஒரு கீழ்முந்திரியை இம்மி ஆக்கினா 21, தலைக்கு 7. தீர்ந்தது! முழு ஒண்ணில் 2150400 இம்மி, மூணில் ஒரு பங்கு 716800, மீதி சுழி. மூணு பேருக்கும் ஏழு பேருக்கும் பங்கு போட முடியாத கணக்கை ஒரே படியில சரிபண்ணுது. நாலு ஏக்கரில் ஒரு இம்மிங்கிறது ஒரு உள்ளங்கை அகலம்தான். கண்ணால பார்க்கலாம், கையால தொடலாம். அடுத்த படி மும்மி, 11-ஐக் கொண்டுவருது.

இது என் ஊகம்தான், சட்டமா எடுத்துக்காதீங்க: ஏணியோட மேல் படிகள் பங்கு பிரிக்கிற பிரச்சினையிலிருந்து பிறந்திருக்கலாம். அதுக்குக் கீழே போகப்போக அந்த நியாயம் கரைஞ்சுடுது. 7 நாலு தடவை வருது, பங்குக்கு ஒரு தடவை போதும். வாத்தியார் பையன்களைப் பெருக்க வைக்கிறதுக்குக் கட்டின படிகள் மாதிரி இருக்கு. 21, 11, 7, 9, 5, 6, 7, 17, 14, கடைசியில வேணும்னே ஒரு ஆறரை. இதை வாயாலேயே பெருக்கி 22 இலக்கம் வரைக்கும் கொண்டுவந்தவன் எந்தக் கணக்குக்கும் பயப்பட மாட்டான்.

பேச்சுத் தமிழும் இதையேதான் சொல்லுது. "இம்மி பிசகாம", "இம்மியளவும் குறையாம"ன்னு இன்னைக்கும் சொல்றோம். "நாகவிந்தம் பிசகாம"ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

போனதும் மிஞ்சினதும்

1957 ஏப்ரல் 1-ல் ரூபாய் நூறு நயாபைசாவா மாறுச்சு. அதுவரைக்கும் ரூபாய்க்குப் பதினாறணா, வீசம்னா ஒரு அணா. வீச வாய்ப்பாடு சந்தையில சோறு போட்டது. அப்புறம் கிலோ, லிட்டர் வந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியையே எடுத்துட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொண்டுவந்தது. அதில் நியாயம் இருந்தது, மறுக்கலை. ஒரே குடும்பத்துக் கையில ஊர்க் கணக்கு பூரா இருந்தா என்ன நடக்கும்னு எங்க ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரியும். கணக்கு தெரியாதவன் நிலம் கணக்கு தெரிஞ்சவன் பக்கம் நகர்ந்த கதைகளும் உண்டு. முந்திரிக் கணக்கோட பெருமையைப் பேசும்போது அதையும் சேர்த்துத்தான் பேசணும்.

தாத்தா பதவி போனதுக்கப்புறமும் காலையில குளிச்சு, திருநீறு பூசி, திண்ணையில வந்து உட்காருவார். யாரும் வரமாட்டாங்க. ஒரு லீவுல நான் கால்குலேட்டர் வாங்கிட்டு வந்து காட்டினேன். அவர் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "முந்திரி வாய்ப்பாடு சொல்லித் தாரேன், ஒரு மாசம் உட்காருறியா?"ன்னார். நான் சிரிச்சுட்டு, 1-ஐ 320-ஆல வகுத்து 0.003125-ன்னு காட்டினேன். "இவ்வளவுதான் தாத்தா." அவரும் சிரிச்சார். அப்புறம் கேட்கலை.

அந்த ஒரு மாசம் இப்போ கிடைக்காது. அதனாலதான் அந்தப் பட்டியல் வரும்போதெல்லாம் எனக்குள்ள என்னமோ பண்ணுது. தமிழன் புரோட்டானை அளந்தான்னு சொன்னா கேட்கறவன் சிரிப்பான். சிரிச்சதோட, நிஜமா இருந்ததையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவான். நிஜமா இருந்தது என்ன? தசமப் புள்ளிக்கு ஈடா ஒரு 'கீழ்', அரை சதுர மில்லிமீட்டரைக்கூட விடாத கறார், தீராத மீதிக்கு ஒரு பனைமரம். பொய்ப் பெருமை மெய்ப் பெருமையைத் தின்னுடும்.

மிஞ்சினது ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். 2019-ல் வந்த யூனிகோடு 12.0-ல் தமிழுக்குன்னு தனியா ஒரு துணைத் தொகுதி சேர்த்தாங்க, 51 குறிகள். அதில் முதல் குறியே முந்திரி. அரைக்காணி, காணி, கால்வீசம், மா, வீசம் எல்லாம் இருக்கு. 'கீழ்'க்கும் தனிக் குறி இருக்கு. இம்மியிலிருந்து தேர்த்துகள் வரைக்கும் ஒண்ணுக்கும் இல்லை. எழுத்தில் புழங்கினதுக்குத்தானே குறி இருக்கும்?

அந்த 51-க்குள்ள நன்செய்க்கு ஒரு குறி, புன்செய்க்கு ஒரு குறி. எங்க வறண்ட காட்டுக்கும் ஒரு இடம் கிடைச்சிருக்கு. தாத்தா இருந்திருந்தா பெரிசாக்கிக் காட்டியிருப்பேன்.

அடுத்த தடவை அந்தப் பட்டியல் உங்களுக்கு வந்தா, அனுப்பறதுக்கு முன்னாடி நாலு எண்களோட தலையை ஒட்ட வச்சுட்டு அனுப்புங்க. கதிர்முனைக்கு 1, குரல்வளைப்படிக்கு 5, வெள்ளத்துக்கு 3, நுண்மணலுக்கு 3. நானோ டெக்னாலஜி வரியை மட்டும் அழிச்சிடுங்க, புண்ணியமாப் போகும்.

பி.கு.: கல்லில் இருக்கிற 1/52428800000-ஐத் தசமத்துல எழுதினா 24 இடத்துல முடிஞ்சுடும். தேர்த்துகளை எழுதினா முடியவே முடியாது. முதல் 22 இடம் போனதுக்கப்புறம், 148176 இலக்கங்களுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். சந்தேகம் இருந்தா போட்டுப் பாருங்க. பனைமரம் மட்டும் என்கிட்ட கேட்காதீங்க :-)